நாலரை நட்சத்திர பிளானா, மூன்றரை நட்சத்திர டி-ஸ்னிப்பா?

அக்டோபர் பிறந்தால், அமெரிக்காவில் அம்மா அப்பாவைக் கூட வைத்திருக்கும் நண்பர்களிடமிருந்து ஒரே கேள்விதான் சுற்றிச் சுற்றி வரும். "அம்மாவுக்கு மெடிகேரும் இருக்கு, மெடிகெய்டும் இருக்கு. ஒரு பிளானுக்கு நாலரை ஸ்டார் போட்டிருக்கான். ரெண்டு கார்டும் இருக்கிறவங்களுக்குன்னே ஒரு பிளான் இருக்கு, அதுக்கு மூன்றரைதான். நாலரையை எடுத்துடலாம் இல்ல?"

மெடிகேர் என்பது முதியோருக்கும் ஊனமுற்றோருக்குமான அரசு மருத்துவக் காப்பீடு; மெடிகெய்ட் குறைந்த வருமானக்காரர்களுக்கு மாநிலங்கள் நடத்துவது. அப்படிக் கேட்பதில் தப்பில்லை. நட்சத்திரம் போடுவது மெடிகேரை நடத்தும் அரசு அமைப்பான சி.எம்.எஸ். ஒன்று முதல் ஐந்து வரை, அரை அரையாக. அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை பிளான் மாற்றும் காலம் என்பதால், அதற்குக் கொஞ்சம் முன்னால் புது நட்சத்திரங்கள் வந்துவிடும். ஆனால் அந்த ஒரு நட்சத்திர இடைவெளியில் ஒரு பங்குதான் பிளானின் வேலைத்திறன். இன்னொரு பங்கு, அந்த பிளானுக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்பது. இதைப் பிரித்துப் பார்க்காமல் நாலரையைத் தூக்கினால், நம் அம்மாவைவிட வசதியான, ஆரோக்கியமான யாரோ சிலருடைய மதிப்பெண்ணைப் பார்த்து முடிவெடுத்ததாக ஆகும்.

இங்கே ஒப்பிடப்போவது மூன்று வழிகளை: நாலரை நட்சத்திரப் பொது மெடிகேர் அட்வான்டேஜ் பிளான் (தனியார் நிறுவனம் நடத்தும் மெடிகேர்), மூன்றரை நட்சத்திர டி-ஸ்னிப் (இரண்டு கார்டும் இருப்பவர்களுக்கென்றே உள்ள அட்வான்டேஜ் பிளான்), நட்சத்திரமே இல்லாத ஒரிஜினல் மெடிகேர் (அரசு நேரடியாக நடத்துவது).

## எதை வைத்து எடை போடுவது

நான் பார்க்கும் வரிசை இது. முதலில், அம்மாவின் மருத்துவர்களும் மாத்திரைகளும் பிளானுக்குள் இருக்கின்றனவா? அடுத்து, கையிலிருந்து எவ்வளவு போகும்? மூன்றாவது, இரண்டு கார்டையும் ஒருவரே கவனிப்பாரா, அல்லது மகளோ மகனோ இரண்டு அலுவலகங்களுக்கு நடுவே போனைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டுமா? நான்காவது, பிடிக்கவில்லையென்றால் வெளியே வர வழி இருக்கிறதா? கடைசியாகத்தான் நட்சத்திரம்.

கடைசியில் வைத்தாலும் அதிகம் பேசவேண்டியது அதைப்பற்றித்தான். குழப்பமே அங்கேதான் இருக்கிறது.

## அந்த நட்சத்திரம் யாரைப் பற்றிச் சொல்கிறது

அம்மா ஜனவரியில் சென்னைக்குப் போகிறார், நான்கு மாதம். அங்கே தெருமுனை மருந்துக் கடையில் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை வாங்கி ஒருநாள் தவறாமல் சாப்பிடுகிறார். அமெரிக்காவில் இருக்கும் பிளானுக்கு இது தெரியாது. அதன் கணக்கில் நான்கு மாதமாக மருந்து வாங்கவில்லை, அவ்வளவுதான். சர்க்கரை, பிரஷர், கொலஸ்ட்ரால் என்று மூன்று வகை மாத்திரைகளுக்கு, ஆண்டில் 80 சதவீத நாட்களுக்காவது கையில் மருந்து இருந்ததா என்று மருந்துக் கடை பில்களை வைத்துத்தான் சி.எம்.எஸ் கணக்கிடுகிறது. இந்த மூன்று அளவுகளுக்கும் மற்ற பல அளவுகளைவிட மூன்று மடங்கு எடை. ஒழுங்காக மாத்திரை போட்ட அம்மா, பிளானின் மதிப்பெண்ணில் மருந்து எடுக்காதவர்.

இதுபோல் ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு கதை உண்டு. மேமோகிராம் என்ற மார்பகப் பரிசோதனை எடுத்தாரா, பெருங்குடல் புற்றுநோய்ப் பரிசோதனை செய்தாரா, சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா, கண் பரிசோதனைக்குப் போனாரா என்று பிளானுக்கு மதிப்பெண் போடுகிறார்கள். கார் இல்லாதவர், வீடு மாறிக்கொண்டே இருப்பவர், போன் நம்பர் மாறியவர், ஆங்கிலக் கடிதத்தைப் பிரிக்காமலே வைத்துவிடுபவர், லீவு கிடைக்காத மகளை நம்பி இருப்பவர் ஆகியோருக்கெல்லாம் இந்தப் பரிசோதனைகள் தள்ளிப் போகும். பிளான் பத்து முறை கூப்பிட்டாலும் தள்ளிப் போகும். ஓய்வூதியமும் சொந்தக் காரும் உள்ள முன்னாள் ஆசிரியருக்கு ஒரு நினைவூட்டல் அட்டை போதும். இருவரையும் அளக்கும் கோல் ஒன்றே.

இது என் ஊகம் இல்லை. 2014-இல் அமெரிக்க காங்கிரஸ் ஒரு சட்டத்தின் மூலம் இதை ஆராயச் சொன்னது. 2016 டிசம்பரில் சுகாதாரத் துறை கொடுத்த அறிக்கை, பார்த்த சமூகக் காரணிகளிலேயே மோசமான விளைவுகளோடு அதிகம் ஒட்டிப்போனது மெடிகேர், மெடிகெய்ட் இரண்டும் இருப்பதுதான் என்றது. அதே அறிக்கை இன்னொன்றும் சொன்னது: இந்த உறுப்பினர்களை அதிகம் பார்த்துக்கொள்ளும் மருத்துவமனைகளும் பிளான்களும் தரத்திலும் சற்றுப் பின்தங்கியிருந்தன. ஆகவே "எல்லாம் ஏழ்மையால்தான், பிளான் மேல் குற்றமே இல்லை" என்றும் சொல்லிவிட முடியாது.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. நட்சத்திரம் பிளானுக்குப் போடப்படுவதில்லை, ஒப்பந்தத்துக்குப் போடப்படுகிறது. ஆங்கில எச் எழுத்தில் தொடங்கி நான்கு இலக்கம் வரும் எண் அது. அந்த ஒரே எண்ணுக்குக் கீழே பல மாவட்டங்கள், சில சமயம் பல மாநிலங்கள், ஓய்வுபெற்ற ஊழியர்களுக்கான குழு பிளான், சாதாரண பிளான், ஒரு டி-ஸ்னிப் எல்லாம் இருக்கலாம். எல்லாவற்றுக்கும் ஒரே நட்சத்திரம். அதனால் நாலரை போட்ட ஒரு டி-ஸ்னிப்பைப் பார்த்தாலும் உடனே சந்தோஷப்படாதீர்கள். அந்த மதிப்பெண்ணைச் சம்பாதித்தது அதே எண்ணில் இருக்கும் ஓய்வூதியக்காரர்களாக இருக்கலாம். மாறாக, டி-ஸ்னிப் மட்டுமே உள்ள ஒப்பந்தத்தின் மூன்றரை, நம் அம்மாவைப் போன்றவர்களிடமிருந்தே வந்த மூன்றரை. என்னைக் கேட்டால், பின்னதை நம்புவேன்.

டி-ஸ்னிப்புக்கு எக்ஸ்ட்ரா பரீட்சையும் உண்டு. உறுப்பினர் ஒவ்வொருவரின் உடல்நிலையையும் தேவைகளையும் ஆண்டுதோறும் கேட்டுப் பதிந்தார்களா, மருந்துப் பட்டியலை உட்கார்ந்து பார்த்தார்களா என்ற அளவுகள் சிறப்புத் தேவை பிளான்களுக்கு மட்டும். பொது பிளானுக்கு அந்தத் தாளே கிடையாது.

## சி.எம்.எஸ் திருத்துகிறது, ஆனால் கொஞ்சம்தான்

"அரசாங்கத்துக்கு இது தெரியாதா?" தெரியும். சில இடங்களில் திருத்துகிறார்கள்.

உறுப்பினர்களிடம் கேட்கும் கருத்துக்கணிப்பில் வயது, படிப்பு, உடல்நிலை, குறைந்த வருமானம், பதில் சொன்னது அவரேதானா அல்லது வேறொருவரா என்பதையெல்லாம் கணக்கில் எடுத்துச் சமன் செய்கிறார்கள். ஆனால் அந்தக் கணிப்பு ஆங்கிலம், ஸ்பானிஷ், சீனம் என்று ஒரு சில மொழிகளில்தான் நடக்கிறது. தமிழ் அதில் இல்லை. நம் வீடுகளில் மகளோ மருமகனோதான் நிரப்பி அனுப்புவார்கள், அதுவும் அனுப்பினால்.

மற்ற பல அளவுகளுக்கும் சேர்த்து, 2017 ரேட்டிங்கிலிருந்து ஒரு திருத்தக் குறியீடு இருக்கிறது. அதன் தர்க்கம் எனக்குப் பிடிக்கும். ஒரே நிறுவனம், ஒரே மருத்துவர் பட்டியல், ஒரே கால் சென்டர். அதற்குள்ளேயே குறைந்த வருமானக்காரருக்கும் ஊனமுற்றவருக்கும் கிடைத்த மதிப்பெண் மற்றவர்களிடமிருந்து எவ்வளவு வேறுபடுகிறது? அந்த வேறுபாட்டைத்தான் உறுப்பினர்களின் நிலையால் வந்தது என்று எடுத்துக்கொள்கிறார்கள். பிறகு அப்படிப்பட்டவர்கள் எத்தனை சதவீதம் என்பதைப் பொறுத்து ஒப்பந்தத்தின் மதிப்பெண்ணைச் சற்று ஏற்றுகிறார்கள், அல்லது இறக்குகிறார்கள். ஆனால் அது அரை நட்சத்திரத்தைக்கூட எட்டாது. 3.70 வாங்கியதை 3.75-க்குத் தள்ளினால் அது முழுமையாக்கப்பட்டு 4 ஆகும், அந்த எல்லையில் நிற்பவர்களுக்குத்தான் அது வாழ்வா சாவா.

அந்த எல்லை ஏன் முக்கியமென்றால், 4 நட்சத்திரத்திலிருந்துதான் பிளானுக்கு போனஸ். அரசு தரும் தொகைக்கான உச்ச அளவு பொதுவாக 5 சதவீதப் புள்ளி கூடும், சில மாவட்டங்களில் அது இரட்டிப்பு. அந்த உச்ச அளவுக்குக் கீழே மிச்சம் பிடித்த பணத்தில் பிளான் திரும்பப் பெறும் பங்கும் நட்சத்திரத்தைப் பொறுத்தது: 3 வரை 50 சதவீதம், 3.5-க்கும் 4-க்கும் 65, நாலரைக்கும் அதற்கு மேலும் 70. பல் வைத்தியம், கண்ணாடி, மளிகை கார்டு எல்லாம் இந்தப் பணத்திலிருந்துதான் வருகின்றன. ஏழைகளை அதிகம் சேர்த்த பிளானுக்கு நட்சத்திரம் குறைந்தால், அந்த ஏழைகளின் பல் வைத்தியத்துக்குத்தான் பணம் குறைகிறது. எனக்கு இதில்தான் கோபம்.

மாற்று வழி இல்லாமல் இல்லை. வீட்டுக்கு அனுப்பிய நோயாளிகள் சீக்கிரமே மீண்டும் சேர்ந்தால் மருத்துவமனைகளுக்குப் போடும் மறு-அனுமதி அபராதத்தில், 2019 நிதியாண்டிலிருந்து இரட்டைக் கார்டு நோயாளிகளின் பங்கை வைத்து மருத்துவமனைகளை ஐந்து குழுக்களாகப் பிரித்து, அந்தந்தக் குழுவுக்குள்ளேயே ஒப்பிடுகிறார்கள். காங்கிரஸுக்கு ஆலோசனை சொல்லும் மெட்பாக் ஆணையம் 2020-இலேயே மெடிகேர் அட்வான்டேஜுக்கும் இதுபோல் உள்ளூர் அளவில், சமூக நிலையை வைத்துக் குழு பிரித்து ஒப்பிடச் சொன்னது. சி.எம்.எஸ் வேறு பாதையில் போனது. ஏழை, ஊனமுற்ற உறுப்பினர்களிடம் நல்ல மதிப்பெண் வாங்கும் ஒப்பந்தங்களுக்கு 0.4 நட்சத்திரம் வரை கூடுதலாகத் தரும் திட்டத்தை 2027 ரேட்டிங்குக்காக 2023-இல் அறிவித்தது. நடுவில் அதன் பெயரை மாற்றியது. 2025 நவம்பரில் அதையே கைவிடலாம் என்று முன்மொழிந்தது. மாத்திரை அளவுகளில் மட்டும் வயது, பால், குறைந்த வருமானம், ஊனம் ஆகியவற்றுக்கான திருத்தம் 2026 தரவிலிருந்து, அதாவது 2028 ரேட்டிங்கில், வர இருக்கிறது. சென்னைக்குப் போய்வரும் அம்மாக்களுக்கென்று தனித் திருத்தம் அதிலும் கிடையாது.

திருத்தத்துக்கு எதிர்ப்பும் உண்டு. ஏழை நோயாளிக்குக் குறைந்த கவனிப்பே போதும் என்று சொல்வதுபோல் ஆகிவிடும் என்கிறார்கள். அதில் நியாயம் இருக்கிறது. பணம் கொடுக்கும்போது திருத்துங்கள், மக்கள் பார்க்கும் மதிப்பெண்ணை இரண்டு கூட்டத்துக்கும் தனித்தனியாகக் காட்டுங்கள் என்பதுதான் என் கட்சி. அப்படிக் காட்டும்வரை நாமேதான் பிரித்துப் படிக்க வேண்டும்.

## நாலரை நட்சத்திரப் பொது பிளான்

மருத்துவர் பட்டியல் பெரும்பாலும் அகலமாக இருக்கும், அதுதான் இதன் பெரிய பலம். அம்மாவின் இதய மருத்துவர் இதில் மட்டும்தான் இருக்கிறார் என்றால் நட்சத்திரத்தைப் பார்க்காமலே இதை எடுக்கலாம்.

மறைந்திருக்கும் செலவு கோபேயில், அதாவது சேவைக்கு நாம் கட்டும் பங்கில், இருக்கிறது. அம்மாவுக்கு மெடிகெய்ட் வழியாக வரும் க்யூ.எம்.பி என்ற உதவி இருந்தால், மெடிகேர் சேவைகளுக்கு மருத்துவர் அவரிடம் கோபே வாங்கக் கூடாது, சட்டப்படி. நடைமுறையில் பில் வீட்டுக்கு வரும், பிளானுக்கும் மெடிகெய்டுக்கும் மாறி மாறிப் போன் போட வேண்டியிருக்கும். பகுதி உதவி மட்டும், அதாவது மருத்துவர் செலவுக்கான பார்ட் பி பிரீமியம் மட்டும் மாநிலம் கட்டும் நிலை என்றால், கோபே அம்மாவுடையதேதான். பிளான் நெட்வொர்க்குக்குள், அதாவது அதன் மருத்துவர் பட்டியலுக்குள், கையிலிருந்து போகும் தொகைக்கான ஆண்டு உச்சவரம்பு 2025-இல் 9,350 டாலர் வரை இருக்கலாம் என்பது விதியாக இருந்தது.

இன்னொரு மறைவு, வாசல் ஒரு பக்கம்தான் எப்போதும் திறந்திருக்கும். 2025 முதல், இரட்டைக் கார்டுக்காரர்கள் எந்த மாதமும் ஒரிஜினல் மெடிகேருக்குத் திரும்பலாம். மெடிகெய்டின் முழுப் பலனும் உள்ளவர்கள் ஒருங்கிணைந்த டி-ஸ்னிப்புக்கும் போகலாம். பொது பிளானுக்குள் நுழைய மட்டும் பொதுவாக அக்டோபர் சீசனுக்குக் காத்திருக்க வேண்டும்.

பொது பிளான் என்ற பெயரில் டி-ஸ்னிப் வேஷம் போட்டவையும் இருந்தன. உறுப்பினர்களில் பெரும்பகுதி இரட்டைக் கார்டுக்காரர்கள், ஆனால் டி-ஸ்னிப்புக்கான கடமைகள் எதுவும் கிடையாது. பொது பிளானில் இரட்டைக் கார்டுக்காரர்கள் எத்தனை சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்ற வரம்பை சி.எம்.எஸ் 80 சதவீதத்தில் தொடங்கி 2026-க்கு 60 ஆக இறக்கியது.

## மூன்றரை நட்சத்திர டி-ஸ்னிப்

இதை எடுப்பதற்கான காரணம் மூன்றாவது அளவுகோல்தான்: இரண்டு கார்டையும் ஒருவர் கவனிப்பது. டி-ஸ்னிப் நடத்த மாநில மெடிகெய்டுடன் ஒப்பந்தம் வேண்டும், கவனிப்புத் திட்டம் எழுதிக் கொடுத்து ஒப்புதல் வாங்க வேண்டும், ஒருங்கிணைப்பாளர் இருப்பார். ஆனால் எல்லா டி-ஸ்னிப்பும் ஒன்றல்ல. வெறுமனே தகவல் பரிமாறுவதோடு நிற்கும் வகை உண்டு, இரண்டு சலுகைகளையும் ஒரே நிறுவனம் முழுதாக நடத்தும் வகையும் உண்டு. நியூ ஜெர்சியில் முழு ஒருங்கிணைப்பு வகைதான். உங்கள் மாநிலத்தில் எது என்று கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். முதல் வகை என்றால் அதற்காகப் பொது பிளானை விட்டுவர அவசியமே இல்லாமல் போகலாம்.

கோபேயை மெடிகெய்ட் பார்த்துக்கொள்வதால், பிளான் தன் மிச்சப் பணத்தைப் பல், காது, மளிகை கார்டு என்று செலவிட முடிகிறது. நட்சத்திரம் குறைவாக இருந்தும் டி-ஸ்னிப் சலுகைப் பட்டியல் நீளமாக இருப்பதன் ரகசியம் இதுதான்.

மறைந்த செலவு, மெடிகெய்ட் புதுப்பிப்பு. ஒரு படிவம் தவறி மெடிகெய்ட் நின்றுபோனால், பிளான் தரும் குறுகிய அவகாசத்துக்குள் சரிசெய்ய வேண்டும், இல்லையென்றால் பிளானும் போகும். மருத்துவர் பட்டியல் குறுகியதாக இருப்பதும் உண்டு.

இரண்டு டி-ஸ்னிப்புக்கு நடுவே தேர்வு செய்கிறீர்கள் என்றால், மொத்த நட்சத்திரத்தை விட்டுவிட்டு உள்ளே போங்கள். மெடிகேர் தளத்தில் ஒவ்வொரு அளவுக்கும் தனி நட்சத்திரம் தெரியும். உறுப்பினர் யாராக இருந்தாலும் பிளான் தன் கையால் செய்யவேண்டிய வேலைகளைப் பாருங்கள்: மேல்முறையீட்டுக்கு நேரத்தில் பதில் சொல்கிறதா, அந்தப் பதில் வெளி ஆய்வில் நிற்கிறதா, கால் சென்டரில் மொழிபெயர்ப்பாளர் கிடைக்கிறாரா. இவற்றில் இரண்டு நட்சத்திரம் வாங்கிய பிளானுக்கு எந்தச் சாக்கும் இல்லை. "உறுப்பினர்கள் விலகிப் போகிறார்கள்" என்ற அளவை மட்டும் கொஞ்சம் தள்ளிவைத்துப் படியுங்கள். இரட்டைக் கார்டுக்காரர்களுக்கு ஆண்டு நடுவில் மாறும் உரிமை மற்றவர்களைவிட அதிகம் என்பதால், அங்கேயும் கூட்டத்தின் இயல்பு கலந்திருக்கிறது.

## நட்சத்திரமில்லாத ஒரிஜினல் மெடிகேர்

இதற்கு ரேட்டிங்கே கிடையாது. தனியாக எடுக்கும் மருந்து பிளானுக்கு மட்டும் உண்டு. நட்சத்திரம் இல்லாததால் இதைப் பட்டியலிலேயே சேர்க்காதவர்கள் நிறையப் பேர்.

மெடிகேரை ஏற்கும் எந்த மருத்துவரிடமும் நாடு முழுக்கப் போகலாம். டெக்சஸில் ஒரு பிள்ளை, கலிஃபோர்னியாவில் ஒரு பிள்ளை என்று மாறி மாறி இருக்கும் பெற்றோருக்கு இதுவே பொருந்தும். ஆண்டில் ஆறு மாதத்துக்கு மேல் இந்தியாவில் இருப்பவர்களுக்கும்தான். அட்வான்டேஜ் பிளான்கள் தங்கள் சேவைப் பகுதியை விட்டு ஆறு மாதத்துக்கு மேல் போனவரைப் பொதுவாக நீக்கிவிடும். ஒரிஜினல் நீக்காது, ஆனால் இந்தியாவில் ஆகும் செலவை அதுவும் தராது. மெடிகெய்டுக்கு மாநிலத்தில் வசிப்பது நிபந்தனை என்பதால் நீண்ட பயணம் அதைத் தனியாகப் பாதிக்கும்.

மருந்துக்கு, முழு இரட்டைக் கார்டும் மிகக் குறைந்த வருமானமும் இருந்தால் 2025-இல் ஜெனரிக்குக்கு 1.60, பிராண்டுக்கு 4.80 டாலர்தான் கோபேயாக இருந்தது. பல், கண்ணாடிக்கு மாநில மெடிகெய்ட் தருவது எவ்வளவோ அவ்வளவுதான். ஒருங்கிணைப்பாளர் கிடையாது, அந்த வேலை பிள்ளைகளுடையது.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | பொது பிளான், 4.5 | டி-ஸ்னிப், 3.5 | ஒரிஜினல் மெடிகேர் |
|---|---|---|---|
| மருத்துவர் | நெட்வொர்க், பெரும்பாலும் அகலம் | நெட்வொர்க், சில இடங்களில் குறுகல் | மெடிகேரை ஏற்கும் எவரும் |
| கோபே | க்யூ.எம்.பி இருந்தால் இல்லை, பில் தொல்லை உண்டு | முழு மெடிகெய்ட் இருந்தால் அநேகமாக இல்லை | க்யூ.எம்.பி இருந்தால் இல்லை |
| இரண்டு கார்டும் சேர்ந்து | நீங்களே | வகையைப் பொறுத்து | நீங்களே |
| பல், கண், காது | உண்டு, அளவு மாறும் | பெரும்பாலும் அதிகம் | மெடிகெய்ட் தந்தால் மட்டும் |
| ஆண்டு நடுவில் உள்ளே வர | கடினம் | ஒருங்கிணைந்த வகைக்கு மாதந்தோறும் | மாதந்தோறும் |
| நட்சத்திரம் சொல்வது | வேறு கூட்டத்தைப் பற்றி | அநேகமாக உங்கள் கூட்டத்தைப் பற்றி | எதுவும் இல்லை |

அம்மாவுக்கு மெடிகெய்டே இல்லையா? நல்ல வருமானமுள்ள பிள்ளை, அம்மா கிரீன் கார்டில் ஐந்து ஆண்டு தொடர்ந்து இருந்துவிட்டு, அமெரிக்காவில் வேலை செய்த கணக்கு இல்லாததால் மருத்துவமனைச் செலவுக்கான பார்ட் ஏ-வுக்குக் காசு கட்டி (2025-இல் மாதம் 518 டாலர் வரை) மெடிகேரில் சேர்ந்தவர் என்றால், டி-ஸ்னிப் கதவே திறக்காது. பொது பிளான்களுக்குள் ஒப்பிடும்போது நட்சத்திரம் ஓரளவு நியாயமான அளவுகோல்தான். அங்கேயும் 3.5-க்கும் 4-க்கும் நடுவே முடி பிளக்க வேண்டாம். 2.5 என்றால் மட்டும் ஏன் என்று கேளுங்கள்.

எந்த பிளானாக இருந்தாலும் சேரும் முன் ஒரு வேலை செய்யுங்கள். உறுப்பினர் சேவை எண்ணுக்குப் போன் போட்டு, தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். இலவசமாகத் தருவது அவர்கள் கடமை. நட்சத்திரக் கணக்கில் கால் சென்டரைச் சோதிப்பது சில மொழிகளில் மட்டும் என்பதால், தமிழுக்கான சோதனையை நாம்தான் நடத்த வேண்டும். எத்தனை நிமிடத்தில் ஆள் வந்தார் என்று குறித்துக்கொண்டு, அம்மாவிடம் போனைக் கொடுத்துவிடுங்கள்.